பின்தொடர்ச்சி இல்லை

பாளையங்கோட்டையில் அந்தப் பூங்காவைத் திறந்த சாயங்காலம் ஊரே உள்ளே போயிற்று. நிலத்தைக் கொடுத்தவர் மட்டும் வாசலில் நின்றார்.

ரிப்பன் வெட்டிய கவுன்சிலர் போனார். அவருக்குக் குடை பிடித்தவர் போனார். நாதஸ்வரக்காரர்கள் போனார்கள். சுண்டல் விற்பவர்கூட வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஒரு சுற்றுப் பார்த்துவரப் போனார். இடுப்புயரக் கம்பிக் கதவு ஒவ்வொருவருக்கும் தானாக விலகித் தானாக மூடிக்கொண்டது. கடைசியாக ரூபவதி டீச்சர், புதிதாக வாங்கிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு காலை எடுத்து வைத்தார். கதவு அசையவில்லை. பக்கத்துத் தூணிலிருந்து ஒரு குரல் மிக மரியாதையாகப் பேசியது.

“மேற்படி சொத்தில் பிரவேசிக்கவோ, ஆண்டு அனுபவிக்கவோ, தங்களுக்காவது தங்கள் வாரிசுகளுக்காவது இனி எவ்வித பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை. நன்றி.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். சிரிக்காதவர் ஒருவர் உண்டு, பத்திர எழுத்தர் மாசிலாமணி. அந்த வாக்கியத்தை எழுதியவர் அவர்தான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இங்கே மாடு கொடுத்தவரின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, போய் வா என்று சொல்லிவிட்டது.

ரூபவதி டீச்சர் முப்பத்துநான்கு வருஷம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் கழுத்தில் விசில் தொங்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் பத்து சென்ட் நிலம் மூன்று பக்கமும் அடுக்குமாடிகளுக்கு நடுவே கிடந்தது. கேட்டு வராத பில்டர் இல்லை. அவரோ பொதுப் பூங்காவுக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சுற்றிலும் இருநூறு மீட்டர் ஓடுதளம் போட வேண்டும், முதல் சுற்றைத் தான் ஓட வேண்டும். அறுபத்தெட்டு வயதில் அதற்காகத்தான் அந்த ஷூ.

மறுநாள் காலை மாசிலாமணி நிலக்கொடை வாரிய அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே பொறியாளர் ஷர்மிளா பானு கணினியில் பத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, அந்தக் கதவை நீங்க ஒரு தட்டுத் தட்டினா சரியாப் போயிராதா?”

“தட்டுறதுக்கு யார் கையிலயும் சாவி கிடையாது அண்ணாச்சி. இந்தச் சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். தாத்தா பூங்காவுக்குன்னு எழுதிக் குடுப்பாரு. பேரன் வந்து ஓரமா ஒரு ஷெட் போடுவான். அப்புறம் பாத்தா அது கல்யாண மண்டபம். அதனாலதான் ஆபீசருக்கும் சாவி இல்ல, மந்திரிக்கும் சாவி இல்லன்னு ஆக்கி, எல்லாத்தையும் பூங்காவலர்ட்ட விட்டாச்சு.”

பூங்காவலர் என்பது அந்த இயந்திர மூளைக்கு அரசாங்கம் வைத்த பெயர். மரத்துக்குத் தண்ணீர் விடுவதும் விளக்குப் போடுவதும் கதவு திறப்பதும் அதுதான்.

“அதுக்குத் தெரிஞ்சது பத்திரம் மட்டுந்தான்,” என்றாள் ஷர்மிளா. “அதுல என்ன எழுதியிருக்கோ அப்படியே நடக்கும். நீங்க ‘பிரவேசிக்கவோ’ன்னு எழுதியிருக்கிய.”

“அது வழக்கமா எழுதுறதும்மா! விக்கிறதுக்கும் அதே வரிதான், தானத்துக்கும் அதே வரிதான். ஒரு ஓசைக்காகப் போடுறது.”

“ஓசை அதுக்குப் புரியாதுல்லா. வாரியம் குடுத்த படிவத்துல, ‘பொதுமக்களில் ஒருவராக வந்துபோகலாம்’னு அழகா ஒரு வரி இருந்துச்சு. அத எதுக்கு எடுத்திய?”

படிவத்தின் தமிழ் மொட்டையாக இருக்கிறது என்றுதான் மாசிலாமணி அதை எடுத்தார். முப்பத்தெட்டு வருஷமாக அவர் எழுதும் பத்திரங்கள் அந்த ஒரு வரியில்தான் போய் முடியும். வாசித்துக் காட்டும்போது அங்கே வந்ததும் குரலை உயர்த்துவார். கேட்பவர்கள் சொத்து கைமாறியதை அந்த நேரத்தில்தான் உணர்வார்கள் என்பது அவர் பெருமை.

“டீச்சரை அது எப்படிம்மா கண்டுபிடிக்கு?”

“பதிவு அன்னிக்குக் கன்னத்துக்குள்ள பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தோம்லா? வாசல் தூணுக்கு ஒரு மூக்கு இருக்கு. விடுற மூச்சுலயும் உதிர்ற தோல்லயும் ரத்தவழி தெரிஞ்சிரும். பெத்தவங்க, பிள்ளைங்க வரைக்கும் தப்பாது. கோர்ட்டு சொல்ற வாரிசு வேற அண்ணாச்சி. இதுக்கு ரத்தம் மட்டுந்தான் தெரியும். பேரு, ஊரு எதையும் குறிச்சு வைக்காது. தடுக்கும், மறந்துரும். அவ்வளவுதான்.”

வழி ஒன்று இருந்தது. பதிவான நாளிலிருந்து அல்ல, திறந்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள், எழுதியவரே ‘இந்த வரி கொடுத்தவர் சொல்லி எழுதியதல்ல, என் கைப்பிழை’ என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். டீச்சரும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வரி நீங்கிவிடும். தொண்ணூறு தாண்டினால் சந்திர சூரியர் உள்ளவரை அதுதான்.

“எழுதிக் குடுத்தா எனக்கு என்னம்மா ஆவும்?”

ஷர்மிளா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “உரிமம் போயிரும் அண்ணாச்சி.”

அன்றிலிருந்து மாசிலாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாங்கிவந்த பிழைதிருத்தப் படிவத்தை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சட்டை மாற்றும்போதெல்லாம் அதுவும் பை மாறியது. எழுதத்தான் கை வரவில்லை. பத்திரம் எழுதுவதைத் தவிர அவருக்கு ஒரு வேலையும் தெரியாது. தெருவில் அவரை யாரும் மாசிலாமணி என்றுகூடக் கூப்பிடுவதில்லை, ‘பத்திரத்து அண்ணாச்சி’தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்தால் பயமாக இருந்தது.

டீச்சரிடம் அவர் பொய் சொன்னார். “மேலிடத்துக்கு எழுதியிருக்கு டீச்சர். வந்துரும்.”

“வரட்டும் அண்ணாச்சி. அம்பத்தஞ்சு வருஷமா ஓடுன காலு, ரெண்டு வாரம் பொறுக்காதா?”

பூங்கா வாசலுக்கு நேரெதிரே ஒரு பேருந்து நிறுத்தம். தினமும் நாலரை மணிக்கு டீச்சர் ஷூப் பையோடு வந்து அங்கே உட்காருவார். பேருந்துகள் அவருக்காக நிற்கும், வேண்டாம் என்று கையசைப்பார், போகும். இருந்த இடத்திலிருந்தே விசில் ஊதி, வேலிக்கு அந்தப் பக்கம் ஓடும் பிள்ளைகளை மிரட்டுவார். “ஏட்டி பச்சை கவுனு! முழங்கையை மடக்கு! கையை வீசிக்கிட்டு ஓடுனா எப்பம் போய்ச் சேருவ?” பிள்ளைகள் வேலியோரம் வந்து நின்று, “டீச்சர், உள்ள வாங்க” என்று கூப்பிடும்போது மட்டும் ஷூப் பையின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

மாசிலாமணி தினமும் அதைப் பார்த்தார். பார்க்காமல் வேறு தெருவழியாகப் போகலாம், போகவும் பார்த்தார். கால் இங்கேதான் கொண்டுவந்து விட்டது. பக்கத்து டீக்கடையில் டீயை வாங்கிக் குடிக்காமல் ஆறவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார். இப்படியே அறுபது நாள் போயிற்று.

அறுபத்தோராம் நாள் காலை பதினொரு மணிக்கு, ஊஞ்சல் மாட்டுவதற்குக் கோவில்பட்டியிலிருந்து ஒரு வெல்டர் வந்தார். பெயர் செண்பகராஜ், வயது நாற்பத்தைந்து, நாற்பத்தாறு இருக்கும். உதவிக்கு வந்த இருவர் குழாய்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு விலகியது. பின்னாலேயே அவர் போனார். கதவு நின்றுவிட்டது.

“மேற்படி சொத்தில் பிரவேசிக்கவோ, ஆண்டு அனுபவிக்கவோ…”

அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த மாசிலாமணி நடுத்தெருவில் அப்படியே நின்றார். செண்பகராஜ் பின்வாங்கி மறுபடி போனார். மறுபடி அதே வரி. ‘பின்தொடர்ச்சியும் இல்லை’ என்று முடிந்தபோது அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

“என்ன எழவு அண்ணாச்சி இது? எனக்கும் இந்த இடத்துக்கும் என்ன? நான் கோவில்பட்டிக்காரன், இந்த ஊர்ல ஒரு டீகூடக் குடிச்சது கிடையாது.”

“மிஷினு கிறுக்கு புடிச்சிருக்கு,” என்றார் மாசிலாமணி. சொல்லும்போதே அவருக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. சம்பந்தமே இல்லாத கோவில்பட்டிக்காரரைத் தடுக்கிறது என்றால் இயந்திரம்தான் பழுது. பழுது என்று ஒரு புகார் கொடுத்தால் போதும். அவர் எழுத்தில் பிழையில்லை, சத்தியம் வேண்டாம், உரிமம் பத்திரம்!

நிலம் கொடுத்தவர் பெயர் பொறித்த வாசல் கல்வெட்டைச் செண்பகராஜ் நின்று வாசித்தார். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்து, ஆட்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். ஊஞ்சல் குழாய்கள் புல்லிலேயே கிடந்தன.

மாசிலாமணி டீச்சர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். மூச்சு வாங்க வாசலிலேயே சொன்னார்.

“டீச்சர், நல்ல சேதி! மிஷினு பழுது. ஊஞ்சல் மாட்ட வந்த வெல்டரையும் தடுத்திட்டு. ‘தங்கள் வாரிசுகளுக்காவது’ன்னு அவருட்டப் போய்ச் சொல்லுது. யாரோ கோவில்பட்டிக்காரரு!”

டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

“வயசு என்ன இருக்கும் அண்ணாச்சி?”

“நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு. எதுக்குக் கேக்கிய?”

அவர் கீரைக் காம்புகளை ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினார். மாசிலாமணிக்கு உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

“பத்திரத்தை வாசிச்சுக் காட்டும்போது, அந்த வரியை இன்னொரு வாட்டி வாசிங்கன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

இருந்தது. தன் தமிழை ரசித்துத்தான் கேட்கிறார் என்று நினைத்து, இரண்டாம் முறை இன்னும் நிறுத்தி வாசித்திருந்தார். ‘உங்களுக்குத்தான் வாரிசு இல்லையே, அந்த வார்த்தைய எடுத்துரட்டா?’ என்று கேட்டதும், ‘இருக்கட்டும் அண்ணாச்சி’ என்று டீச்சர் சொன்னதும் இப்போது ஞாபகம் வந்தன.

“அந்த வரிய நான் முன்னாடியே ஒரு தடவ கேட்டிருக்கேன். எனக்கு இருபத்திரண்டு வயசு. மதுரையில ஒரு வீடு. அப்பா பக்கத்துல நிக்காரு. யாரோ ஒரு எழுத்தர் முத்திரைத்தாள வச்சு வாசிக்காரு. இந்தக் குழந்தையிடம் எனக்கு இனி எவ்வித பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லைன்னு. பிறந்து பதினோரு நாளு. ஆம்பளப் பிள்ளை. வாங்கிட்டுப் போனது யாரு, எந்த ஊருன்னு எனக்குச் சொல்லல. நானும் கேக்கல. கேக்கணும்னு தோணாம இல்ல அண்ணாச்சி, வாய் வரல.”

இந்த நாட்டில் எந்த எழுத்தர் எதை எழுதினாலும் அதே வரிதான். வீட்டுக்கும் அதே, வயலுக்கும் அதே, பதினோரு நாள் பிள்ளைக்கும் அதே. மாசிலாமணிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான், அறுபது நாளாக அடக்கி வைத்திருந்ததும் வெளியே வந்தது. மேலிடத்துக்கு எதுவும் எழுதவில்லை, படிவம் பையில்தான் இருக்கிறது, உரிமத்துக்குப் பயந்துகொண்டு இருந்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டீச்சருக்குக் கோபம் வந்தது. மாணவிகளைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார். “அறுபது நாளு என்னைய பஸ்ஸுக்குக் கைகாட்ட வச்சிட்டியளே!”

“இப்பமே எழுதித் தாரேன் டீச்சர்.”

“எழுதாதீங்க.”

மாசிலாமணி பேனாவை எடுத்த கையோடு நின்றார்.

“எழுதினா வரி போயிரும். கதவு எல்லாரையும் விட்டுரும். அவன் திரும்பி வந்தாலும் விட்டுரும். வந்தது அவன்தானான்னு எனக்குத் தெரியாமலே போயிரும். ஒரு தடவ தடுத்தது பழுதா இருக்கலாம். இன்னொரு தடவ தடுத்தா?”

“எதுக்கு டீச்சர் காத்துக்கிட்டு? கோவில்பட்டி எத்தன தூரம்? நான் போய் விசாரிச்சிட்டு வாரேன்.”

“எந்த முகத்தோட? அங்க அம்மான்னு ஒருத்தி இருப்பா. அவ சோத்துல மண்ணள்ளிப் போடவா?” டீச்சர் தலையை ஆட்டினார். “பின்தொடர்ச்சி இல்லன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணாச்சி. நான் பின்தொடர்ந்து போகமாட்டேன். ஊஞ்சல் வேலை பாக்கி கெடக்குல்லா. அவனா வந்தா வரட்டும்.”

அதன்பிறகு நிறுத்தத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். எழுபது நாள் ஆயிற்று. எண்பது ஆயிற்று. டீச்சர் இப்போது பிள்ளைகளை மிரட்டுவதில்லை. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பினால் கழுத்து நீளும். வெல்டரின் ஆட்கள் வந்து ஊஞ்சலை மாட்டிவிட்டுப் போனார்கள், அவர் வரவில்லை. இனி வர ஒரு காரணமும் இல்லை என்று மாசிலாமணிக்குத் தெரிந்தது. டீச்சருக்கும் தெரிந்திருக்கும். கேட்க மாசிலாமணிக்குத் தைரியம் இல்லை.

உண்மையைச் சொல்வதானால் அவர் மனசில் ஒரு திருட்டு ஆசையும் ஓடியது. டீச்சரே வேண்டாம் என்கிறார், இன்னும் பத்து நாள் பல்லைக் கடித்தால் உரிமம் தப்பித்தது. அப்படி நினைத்த ஒவ்வொரு முறையும் தன் மேலேயே எரிச்சல் வந்து, எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எண்பத்தொன்பதாம் நாள் அவர் சொல்லிவிட்டார். “டீச்சர், நாளையோட சரி. அது பழுதுதான்னு வச்சுக்குவோம். நீங்க ஒரு தடவயாவது உள்ள போய் ஓடணும்லா.”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்குல்லா?” என்றார் டீச்சர். குரலில் பழைய அதட்டல் இல்லை.

அப்போது ஒரு பேருந்து வந்து நின்றது. டீச்சர் கையை உயர்த்தினார். ஆனால் அது அவருக்காக நிற்கவில்லை. ஓர் ஆள் இறங்கினார். கையில் வேலைக் கருவி ஏதும் இல்லை, ஒரு பிளாஸ்டிக் கவர்தான் இருந்தது. செண்பகராஜ்.

அவர் பூங்கா வாசலுக்குப் போகவில்லை. நேராக நிறுத்தத்துக்கு வந்தார். டீச்சரை ஒரு கணம் பார்த்துவிட்டு மாசிலாமணி பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீங்கதான பத்திரம் எழுதுறவங்க? டீக்கடையில சொன்னாங்க. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும் அண்ணாச்சி.”

“என்ன வார்த்த?”

“அன்னிக்கு அந்தக் கதவு சொல்லுச்சுல்ல. எங்கயோ பாத்த வார்த்தையா இருக்கேன்னு வீட்டுக்குப் போய்த் தேடுனேன். எங்க அம்மா தவறி ரெண்டு வருசம் ஆச்சு. அவங்க டிரங்குப் பெட்டியில இருந்துச்சு.” கவருக்குள்ளிருந்து பழுப்பேறிய முத்திரைத்தாள் ஒன்றை எடுத்தார். “எடுத்து ஒரு மாசம் ஆகுது. ரெண்டு தடவ பஸ் ஏறி, வழியில தாழையூத்துல இறங்கித் திரும்பிட்டேன். நான் ஒம்பதாங்கிளாஸ்தான் அண்ணாச்சி. பின்தொடர்ச்சின்னா என்ன?”

முப்பத்தெட்டு வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரே மூச்சில் சொன்ன அர்த்தம்: பின்னால் உரிமை கேட்டு வரக்கூடாது. இப்போது அதைச் சொல்ல வாயெடுத்த மாசிலாமணி குனிந்து தாளைப் பார்த்தார். பழைய தட்டச்சு எழுத்துகள், நடுவில் அவருடைய அதே வரி. கீழே, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தைச் செண்பகராஜ் கட்டைவிரலால் அழுத்தி மறைத்துப் பிடித்திருந்தார். விரல் நுனி வெளுத்திருந்தது.

அப்போதுதான் மாசிலாமணிக்கு விளங்கியது. இவர் அன்றைக்கே கல்வெட்டை வாசித்தவர். அதில் இருக்கும் பெயரும் இந்த விரலுக்கு அடியில் இருக்கும் பெயரும் இவருக்குத் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறார். டீச்சருக்கு விருப்பமில்லை என்றால் தெரியாததுபோல இருந்துகொள்ளட்டும் என்றுதான் அந்த இடத்தை மறைத்துப் பிடித்திருக்கிறார்.

“அண்ணாச்சி தப்பா எழுதுறதுல கெட்டிக்காரரு. அவருட்டப் போய் அர்த்தம் கேக்கியே,” என்றார் டீச்சர். ஒருதரம் கனைத்துவிட்டுத் தொடர்ந்தார். “அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாது. சும்மா எழுதுற வரி. விரல எடு தம்பி. அது என் கையெழுத்துதான்.”

செண்பகராஜ் விரலை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. டீச்சர் ஷூப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எதிரே இருந்த கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் விலகுகிற கதவு, இந்த இரண்டு பேருக்கு மட்டும் விலகாத கதவு. அடுத்த பேருந்து வந்து நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று கையசைத்தார்கள்.

மாசிலாமணி சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்து விரித்தார். மடிப்புகளில் கிழிய ஆரம்பித்திருந்தது. காரணத்தை விவரமாக எழுதக் கால் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். வழக்கம்போல ‘யாதெனில்’ என்று தொடங்கப் போனவர், நிறுத்தினார்.

‘அந்த வரி என் பிழை’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் எழுதியதிலேயே சின்ன வாக்கியம் அதுதான்.